மழித்த தலைக்குக் கூந்தல்

இக்கட்டுரையில் நானே கண்டவற்றையும், பிறர் சொல்ல மற்றொருவராலும் உறுதிப்பட்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். இதற்குக் காரணம் அடக்கம் அன்று, அச்சம். இல்லாததை இருப்பதுபோல் வரைவதே வாழ்நாளின் பெரும்பகுதியில் எனக்குத் தொழிலாக இருந்தது. சித்தூரில் ஒரு நிழற்பட நிலையத்தில் ஓவியனாக வேலை பார்த்தேன். படம் எடுப்பவர் வேறொருவர். எடுத்த படத்தைப் பெரிதாக்கியபின் அதன்மேல் தூரிகை பிடிப்பவன் நான். மங்கிய புருவத்தைத் தீட்டுவேன். வெறுங்கழுத்தில் சங்கிலி அணிவிப்பேன். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து எடுத்த படமாயின், மூடிய இமைகளின்மேல் விழிகளை வரைந்து அவரை விழிக்கச் செய்வேன். அப்படிப்பட்டவன் தன் வாழ்வை எழுத அமர்ந்தால் கை தானாகவே எதையேனும் சேர்க்கத் தொடங்கும். ஆகவே ஐயத்துக்கு இடமானவற்றை அடித்துவிட்டேன். எஞ்சியது சிறிதுதான்.

எங்கள் ஊர் வாசகசாலை அன்பர்கள் தங்கள் ஆண்டு மலருக்காகக் கலைஞன் அன்றாட வாழ்வை எவ்வாறு சுவைக்கிறான் என்று எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார்கள். படைக்கும் ஊக்கம் எங்கிருந்து பிறக்கிறது, எதையும் ஊன்றிக் கவனித்து வாழ்வது எப்படி, சிறு பொழுதுகளில் மகிழ்ச்சியைக் காண்பது எப்படி என்பவற்றை என் வாயிலாகக் கேட்க விரும்புகிறார்களாம். முன்னொரு காலத்தில் அதே வாசகசாலையில் இவற்றைப் பற்றி நான் பேசியதுண்டு, கைதட்டலும் பெற்றதுண்டு. இன்று அவற்றுக்கு என்னிடம் விடை இல்லை. என் மனைவியின் படம் ஒன்றை நான் முடிக்க முனைந்து முடியாமற்போன செய்தி மட்டுமே இருக்கிறது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை முதலில் விளக்க வேண்டும். சித்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் எளிய குடும்பத்தார் அக்காலத்தில் வாழ்நாளில் ஒருமுறைதான் படம் எடுத்துக்கொள்வார்கள், அதுவும் திருப்பதியில். குடும்பம் முழுவதும் ஒன்றாகப் புறப்படுவதும், பெட்டியில் இருக்கும் நல்ல உடையை உடுத்துவதும் வேண்டுதலின் பொருட்டுத்தான். மலையடிவாரத்தில் நிழற்பட நிலையங்கள் வாயிலைத் திறந்து காத்திருக்கும். ஆயினும் வேண்டுதல் முடியும் முன்னர்த் தமக்கென்று எதையும் செய்துகொள்வது முறையன்று என்பது எல்லோர் மனத்திலும் ஊறிய எண்ணம். வளையல் வாங்குவதும் பிறகுதான். படம் எடுப்பதும் பிறகுதான். மேலே சென்று முடி கொடுத்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கிய பின்னரே கருவியின் முன் நிற்பார்கள். எங்கள் பக்கத்து மக்களில் ஒரு தலைமுறையே மழித்த தலையோடு மட்டும் படத்தில் இருக்கிறது.

ஆண்களுக்கு இதனால் குறை ஒன்றும் இல்லை. முடி கொடுத்த பெண்ணொருத்தி பின்னாளில் கணவனுக்கு முன் இறந்துவிட்டால் வீட்டார் அந்தச் சிறிய படத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். பூவும் பொட்டுமாகப் போனவளை அந்தக் கோலத்தில் சுவரில் மாட்டினால் பார்ப்பவர் கைம்பெண் என்று எண்ணிவிடுவார்களே என்று கலங்குவார்கள். படத்தைப் பெரிதாக்கித் தலைமுடி வைத்துத் தரச் சொல்வார்கள். நான் வைத்துத் தருவேன். நடுவகிடு, நெற்றியின் இருபுறமும் மெல்லிய அலை, காதின் மேற்பாதியை மறைத்துப் பின்னே ஒதுங்கும் கருமை, ஓரத்தில் எட்டிப் பார்க்கும் மல்லிகை. தொடக்கத்தில், அந்தப் பெண்ணின் கூந்தல் எப்படி இருந்தது என்று வீட்டாரைக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். சித்தூரிலும் புத்தூரிலும் கார்வேட்டிநகரத்திலும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் வெவ்வேறு பெண்கள் ஒரே கூந்தலோடு இருக்கிறார்கள். ஒருவரேனும் குறை சொன்னதில்லை. "அப்படியே கீறா" என்று சொல்லி அழுதுவிட்டு எடுத்துச் செல்வார்கள்.

ஆந்திர மாநிலம் பிரிந்து, சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ஊரெங்கும் வழக்காடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் எங்கள் நிலையத்தில் வேலை பெருகியது. விண்ணப்பம் கொடுக்கப் புறப்படும் குழுவினர், தமிழரும் தெலுங்கரும், போகும் முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரு தரப்பாரின் மேல்துண்டுகளுக்கும் ஒரே வண்ணக் கிண்ணத்திலிருந்து நிறம் தீட்டினேன். அந்த நாள்களில்தான் என் பார்வையில் முதல் மங்கல் தோன்றியது. விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. தூரிகையின் நுனி இரண்டாகப் பிரிந்தது. கண் நரம்பு வாடத் தொடங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். மருந்து விட்டுக்கொண்டதில் சில மாதங்களில் சற்றே தெளிவு ஏற்பட்டது. தெளிவு வந்தால் தன் முடியைத் தருவதாக என் மனைவி திருப்பதி மலையப்பனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அதை அவள் சொன்னது தெளிவு வந்த பிறகுதான்.

நானும் முடி கொடுப்பதென்று முடிவாயிற்று. அவளுடைய தாயாரையும் அழைத்துக்கொண்டு சித்தூரில் புகைவண்டி ஏறினோம். பாகாலா கடந்து சந்திரகிரியை நெருங்கும்போது குன்றுகளின்மேல் அடுக்கடுக்காகப் பாறைகள் நின்றன. அவள் சன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணு மேல ஒண்ணு இப்டி நிக்கிதே, ஒண்ணு கூடவா உருளாது?"

"பாத்துக்கினே வா," என்றேன். "வெயிலு சாஞ்சா கல்லெல்லாம் செவப்பாவும். அதான் அழகு."

"செவப்பாவறதுக்குள்ள திருப்பதி வந்துடும். இப்ப கீற கலரே போதும் எனக்கு."

தாயார் எதிர்ப்பலகையில் கண்மூடி அமர்ந்திருந்தார். "வாயாடி," என்றார் கண்ணைத் திறக்காமலே.

இந்த உரையாடலை நான் உறுதியாகச் சொல்லலாம். இதைப் பின்னர் அவளும் அவள் தாயாரும் என் முன்னிலையிலேயே பேசிச் சிரித்திருக்கிறார்கள்.

திருப்பதியில் இறங்கிக் கோவிந்தராசர் கோயில் தெருவழியே போனோம். ஒரு நிழற்பட நிலையத்தின் கண்ணாடிப் பேழையில் மாதிரிப் படங்கள் வைத்திருந்தார்கள். என் மனைவி நின்றுவிட்டாள்.

"இதப் பாருங்களேன், அத்தினி பேரும் மொட்ட! கொழந்த மொட்ட, அதும் அம்மா மொட்ட, அப்பன் மொட்ட."

"நடடி," என்றார் தாயார்.

"இரும்மா. ஏங்க, மேல போறதுக்கு முன்ன ஒண்ணு, வந்தப்புறம் ஒண்ணு எடுத்துக்கலாங்களா? ஒரே ஆளு, ரெண்டு தல. வூட்ல பக்கத்துல பக்கத்துல மாட்டிக்கலாம்."

"சாமி காரியம் முடியறதுக்கு முன்ன இன்னாடி படம்? உனக்கு நேந்துக்கினது பெருசா, சோக்கு பெருசா? மேல மொதல்ல போ."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தாயார் சொன்னது தவறென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. முன்பின் படம் என்பதைச் சிறுபிள்ளை ஆசையாகவே எண்ணினேன். தொழிலில் மழித்த தலைகளுக்குக் கூந்தல் வைத்துக்கொண்டிருந்த எனக்கே தோன்றவில்லை.

மேலே முடி கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு எதிரே நின்றேன். அவள் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்ந்த நொடியிலேயே நாவிதர் ஒரு சொம்பு நீரைத் தலையில் ஊற்றிவிட்டார். கூந்தல் நனைந்து ஒட்டிக் கயிறுகளாகத் தொங்கியது. நான் கடைசியாகப் பார்த்தது அந்த நனைந்த கூந்தலைத்தான். அவிழ்வதற்கும் நனைவதற்கும் இடையில் அது தோளில் எப்படி விழுந்தது என்பதைப் பார்த்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் வரவில்லை.

கீழே வரும் பேருந்தில் அவள் சன்னலோரம் அமர்ந்தாள். வளைவுகளில் காற்று உள்ளே அடித்தது.

"ஏங்க, காத்து தலைக்குள்ளயே பூந்துக்கினு போவுது. ஆம்பளைங்க எல்லாம் தெனமும் இப்டித்தான் கீறீங்களா? எங்க கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா பாரு!"

தன் உள்ளங்கையால் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவிப் பார்த்தாள். "உங்களுது சொரசொரன்னு கீது. எனுக்கு நல்ல கத்தி," என்றாள். பேருந்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதே நிலையத்துக்குப் போனோம். தாயார், "எனக்கு இன்னாத்துக்குப் படம்," என்று கருவியின் பக்கத்தில் போட்டிருந்த முக்காலியில் அமர்ந்துவிட்டார். எங்கள் பின்னால் ஒரு திரை. ஏழு மலைகளையும் கோபுரத்தையும் யாரோ வரைந்திருந்தார்கள். மேகங்கள் பஞ்சுமூட்டைபோல் இருந்தன. கோபுரத்தின் நிழல் ஒருபுறமும் மரத்தின் நிழல் மறுபுறமும் விழுந்திருந்தன. ஒரே கதிரவனுக்கு எப்படி இரண்டு திசையில் நிழல் விழும் என்ற எரிச்சலில், நிழற்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த வேளையில், நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். அதே நொடியில் என் மனைவி சிரித்திருக்கிறாள். அக்காலத்தில் படத்தில் எவரும் சிரிப்பதில்லை.

"ஐயா அசைஞ்சிட்டீங்க. அம்மா நல்லா வந்திருப்பாங்க," என்றார் நிழற்படக்காரர்.

மாலையில் படத்தை வாங்கிப் பார்த்தபோது அவர் சொன்னபடியே இருந்தது. படத்தில் என் முகம் பக்கவாட்டில் கலங்கிய பட்டையாக இருக்கிறது. அவள் முகம் தெளிவாக இருக்கிறது. தலை பளபளக்கிறது. கண்கள் கருவியைக் கடந்து எதையோ பார்க்கின்றன. ஒரு பல்லின் நுனி சிறிது உடைந்திருப்பதுகூடத் தெரிகிறது.

ஊர் திரும்பும் வண்டியில், "எதுக்குச் சிரிச்ச?" என்று கேட்டேன்.

தாயாரைக் கண்ணால் காட்டி, "வூட்டுக்குப் போயி சொல்றேன்," என்றாள் தாழ்ந்த குரலில்.

வீட்டுக்குப் போய் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன்.

முடி ஒரு பூவைத் தாங்கும் அளவுக்கு வளர்வதற்குள் அவளுக்குக் குடற்காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுதமாட்டேன். அவளைக் கிடத்தியபோது பெண்கள் பூச்சூட்ட வந்தார்கள். பூவைச் செருக இடமில்லை. ஒருத்தி நூலைத் தலையைச் சுற்றிக் கட்டி, அதில் பூச்சரத்தை வைத்தாள். அது நழுவிக் காதின்மேல் விழுந்தது. மறுபடியும் வைத்தாள், மறுபடியும் நழுவியது. அவளுடைய தாயார் சரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, தூக்கும் வரையில் அப்படியே அமர்ந்திருந்தார். அவர் மனத்தில் எது தைத்தது என்பதை நான் அன்றே அறிந்தேன்.

கருமம் முடிந்து தம் ஊருக்குப் புறப்படும்போது தாயார் என்னிடம் வந்தார். அவர் ஊர் திருத்தணிப் பக்கத்தில் இருந்தது.

"மாப்ளே, வருசத் திதிக்குள்ள ஒரு படம் போட்டுக் குடுங்க. தலைல முடியோட, பூவோட. ஊரு பொம்பளைங்களுக்கெல்லாம் நீங்கதான வெச்சிக் குடுக்கறீங்க? எம் பொண்ணு தாலியோட போனவ. அவள மொட்டையா வெச்சி மால போட என்னால ஆவாது."

"படத்துல பொட்டு கீதே, அத்தை," என்றேன்.

"பொட்டு கீது. பாக்கறவங்க மொதல்ல தலையத்தான பாப்பாங்க?"

ஒப்புக்கொண்டேன். இத்தனை பேருக்குச் செய்தது அவளுக்கு எளிதில் கைகூடும் என்று நினைத்தேன்.

நிலைய முதலாளி தெலுங்கர், நல்ல மனிதர். சிறிய படத்திலிருந்து என் மனைவியை மட்டும் தனியே பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். அதை மேசைமேல் வைத்துத் தூரிகையை நனைத்தேன். நடுவகிடு. இருபுறமும் அலை. காதின் மேற்பாதி. கை நிற்காமல் ஓடியது. நிமிர்ந்து பார்த்தபோது, நான் இதற்கு முன் வரைந்த எல்லாப் பெண்களும் அங்கே இருந்தார்கள், அவள் இல்லை. ஈரப் பஞ்சால் துடைத்தேன்.

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு அவள் கூந்தலை நினைக்க முயன்றேன். அவள் நீர் ஊற்றும்போது மணிக்கட்டில் வளையல் ஒதுங்கும் இடம் தெரிந்தது. குதிகால் வெடிப்பு தெரிந்தது. முழங்கையில் கொதிநீர் பட்ட வடு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகும்போது கட்டைவிரல் மடங்கும் விதம், சமையலறைப் புகையில் அவள் இமைகளைச் சுருக்குவது, யாவும் தெரிந்தன. அங்கிருந்து மேலே போனால் தலையில் நான் வரையும் கூந்தல் ஒட்டியிருந்தது. மணநாளை நினைத்தேன், அதிலும் அதுவே. வாயிலில் நின்று அவள் என்னை வழியனுப்பிய காலைகளை நினைத்தேன். எல்லாக் காலைகளிலும் அதே நடுவகிடு, அதே அலை. என் தூரிகை மேசையோடு நின்றிருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் நினைவுக்குள்ளும் போய் வேலை செய்திருந்தது.

வாசகசாலையில் நான் முன்பு பேசியது இப்போது நினைவுக்கு வருகிறது. ஓவியன் மற்றவரைவிட மிகுதியாகப் பார்க்கிறான், ஆகவே மிகுதியாக வாழ்கிறான் என்று சொன்னேன். ஓர் இலையைக் கால் நாழிகை உற்றுப் பார்த்தால் நாள் முழுவதும் இனிக்கும் என்றும் சொன்னேன். இலைகளை உற்றுப் பார்த்ததுண்டு, பொய்யன்று. ஆனால் ஒன்றை ஒருமுறை நன்றாக வரைந்துவிட்டால் அதன்பின் அதைப் பார்க்கவேண்டிய தேவை இல்லாமற்போகிறது என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. கூந்தல் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே வீட்டில் இருந்த கூந்தலை நான் பார்க்கவில்லை போலும். "போலும்" என்றே எழுதுகிறேன். பார்த்தும் இழந்தேனா, பார்க்கவே இல்லையா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.

துடைப்பதும் வரைவதுமாக நாள்கள் போயின. ஒரு பிற்பகல் முதலாளி வந்து பின்னால் நின்றார்.

"ஏமய்யா, இன்னும் இதே படமா? ஜுட்டு பெட்டய்யா, முடிய வை! ஊருல எத்தன தலைக்கு வெச்சிருக்க நீ?"

"அவ முடி இப்படி இல்லீங்க."

"அப்புறம் எப்படி?"

நான் பஞ்சை மறுபடியும் நனைத்தேன். அவர் சற்று நேரம் படத்தைப் பார்த்தார். "நவ்வுதா உந்தி," என்றார், சிரிக்கிறாளே என்று. "இதுக்கு இன்னாத்துக்கு முடி? அப்படியே பிரேம் போடு. உன் அத்த கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." பிறகு அவரே, "வத்து, வத்து, வேணாம், அந்தம்மா என்னக் கொன்னுடும்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

அவள் கூந்தலைப் பற்றிய மெய்யான சான்று ஏதேனும் வீட்டில் இருக்கிறதா என்று தேடினேன். பெண்கள் தலைவாரும்போது சீப்பில் வரும் முடியைச் சுருட்டிச் சுவரின் இடுக்கில் செருகி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நிறையச் சேர்ந்தபின் ஊசியும் பாசிமணியும் விற்க வருபவளிடம் கொடுத்து ஏதேனும் வாங்கிக்கொள்வார்கள். பின்கட்டுச் சுவரில், ஓடு இறங்கும் இடத்தில், கையை விட்டுத் துழாவினேன். ஒரு சுருணை அகப்பட்டது.

அதைச் சன்னலருகே கொண்டுபோய் வெயிலில் விரித்தேன். கருமையின் ஓரத்தில் துருவின் செம்மை இருந்தது. நான் வரைந்த கூந்தல்களில் ஒருநாளும் செம்மை இருந்ததில்லை. இழைகளில் சில நெளிந்திருந்தன. சில நேராக இருந்தன. அன்று முழுவதும் அந்த நிறத்தைக் குழைத்தேன். கறுப்பில் செம்மண் நிறத்தைத் துளியாகச் சேர்த்துத் தாளில் தொட்டுப் பார்த்து, மறுபடியும் சேர்த்தேன். சாப்பிட மறந்தேன். அவள் போன பின்னர் நான் மகிழ்ச்சியாக இருந்த நாள் ஒன்று உண்டென்றால் அது அந்த நாள்தான். படைப்பதன் இன்பம் என்று நீங்கள் கேட்டீர்களே, அது அன்று எனக்கு வாய்த்தது. அதனால்தான் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

திதிக்குச் சில நாள்கள் இருக்கையில் தாயார் படத்தைப் பார்க்க வந்தார். அதற்குள் எல்லை முடிவாகித் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்துவிட்டது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது.

"இங்க வரணும்னா அடுத்த ராஜ்ஜியத்துக்கு வரணுமாம் மாப்ளே. நா பாயிலேர்ந்து எழுந்துக்கக் கூட இல்ல, ஊரு மெட்ராஸுக்குப் போயிட்ச்சி," என்று சொல்லிக்கொண்டே பையை வைத்தார். பிறகு, "எங்க, காட்டுங்க," என்றார்.

படத்தில் இன்னும் முடி இல்லை. குழைத்த நிறத்தைக் காட்டினேன், சுருணையையும் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஓட்டாண்டயா இருந்தது?"

"ஆமா அத்தை."

"நா இங்க இருந்தப்போ என் சிக்குமுடியயும் அங்கதான சொருவுவேன். செம்பட்ட என்னுது மாப்ளே. அவளுதும் இருக்கும். எது எதுன்னு யாரு கண்டா?"

அவர் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. நான் நிறக்கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். பின்னர், "சரி, நீங்களே சொல்லுங்க. நா போடறேன். வகிடு எங்க?" என்று கேட்டேன்.

அவர் என் எதிரில் அமர்ந்து, படத்தைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, மீண்டும் என் பக்கம் திருப்பினார்.

"நடுவுலதான். இல்ல, கொஞ்சம் இந்தப் பக்கம். சின்னதுல நா வாரி வுட்டப்போ நடுவுல. கண்ணாலத்துக்கு அப்பால அவளே வாரிக்கினா. நா இன்னாத்தக் கண்டேன்? நீங்கதான கூட இருந்தீங்க?"

அவர் சொன்னபடி சற்று ஒதுக்கி வகிட்டை வைத்தேன். நெற்றியில் முடி தாழ்ந்திருக்கும் என்றார், தாழ்த்தினேன். காது தெரியும் என்றார், காதை விட்டேன். என் கண்ணுக்கு இரண்டு அடி தள்ளினால் தெளிவாகவும் அருகில் கலங்கலாகவும் இருந்தது. ஆகவே வரைவதும் எழுந்து பின்னால் போய்ப் பார்ப்பதுமாக நெடுநேரம் ஆயிற்று. முடிந்ததும் அவர் எழுந்து வந்து பார்த்தார்.

"இது யாரு மாப்ளே?"

"நீங்க சொன்ன மாதிரிதான போட்டேன், அத்தை."

"அது சரி. இது யாரு? மொகம் அவளுது. ஆளு வேற. எடுத்துடுங்க. எடுத்துடுங்க."

ஈரப் பஞ்சுக்கு அது போகவில்லை. நிறம் தாளில் ஊறிவிட்டது. சுரண்டும் கத்தியை எடுத்தேன். அந்தக் கத்தியை எத்தனையோ ஆண்டுகள் மயிரிழை பிசகாமல் பிடித்திருக்கிறேன். நெற்றியின் மேல் விளிம்பு எங்கே முடிகிறது, நான் வைத்த நிறம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே சுரண்டினேன். தாளின் மேல்தோல் உரிந்து, புருவம் வரையில் ஒரு வெள்ளைப் பள்ளம் விழுந்தது. அதன் கீழே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாயார் கத்தியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார்.

"அன்னிக்கு அவ கேட்டா. மேல போறதுக்கு முன்ன ஒண்ணு எடுத்துக்கலான்னு," என்றார். "நாந்தான் வாணான்னேன்."

"நானும் சும்மாதான இருந்தேன், அத்தை."

அன்று அவர் சமைத்தார், இருவரும் சாப்பிட்டோம். அவள் எதற்குச் சிரித்தாள் என்று கேட்டேன். கருவியின் பக்கத்தில் இருந்தவர் அவர்தானே. "என்னப் பாத்துதான் சிரிச்சா. நா கொட்டாவி வுட்டேன்," என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "இல்ல, அந்த ஆளு துணிக்குள்ள பூந்தான் பாரு, அதப் பாத்து," என்றார். இரண்டில் எது என்று மீண்டும் கேட்டபோது, "தெரியல மாப்ளே, எனக்கும் நீங்க சொல்லித்தான் அவ சிரிச்சதே தெரியும்," என்றார்.

முதலாளி மறுபடியும் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். என் கண் அதற்குள் மேலும் மங்கிவிட்டது. அவளுடைய வேண்டுதலை ஏற்றுக்கொண்ட பின்னர் இப்படி ஆனது ஏன் என்று நான் மலையப்பனைக் கேட்கவில்லை. கேட்டு விடை பெற்றவர் எவரையும் நான் அறியேன்.

திதி அவர் ஊரில் நடந்தது. படம் இல்லை. படம் என்பதே இல்லாத காலத்தில் செய்ததுபோல், ஒரு பித்தளைச் சொம்பில் நீர் நிரப்பி, அதற்கு அவள் புடவையைக் கொசுவிச் சுற்றி, மேலே பூ வைத்தார் தாயார். பூ நழுவவில்லை. அவர் என்னைப் பார்த்து, "மொகம் இல்லாமயே கும்பிடுங்க. அந்தக் காலத்துல எல்லாரும் அப்டித்தான கும்பிட்டாங்க?" என்றார். கும்பிட்டேன். அதில் எனக்கு ஆறுதல் கிடைத்ததாக எழுதினால் அது நான் சேர்த்ததாகும்.

அதன்பின் தூரிகையைத் தொடவில்லை. மாநிலம் பிரிந்து எல்லை அமைந்ததால் பெயர்ப்பலகைகளை மாற்றும் வேலை ஊரில் நிறைய இருந்தது. பெரிய எழுத்துகள்தாம், உம் கண்ணுக்கு அது போதும் என்றார்கள். சில பலகைகளில் எழுத்துக்குச் சுண்ணக்கட்டியால் அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். அதுவும் நின்றுவிட்டது.

திருப்பதியில் எடுத்த சிறிய படம் என்னிடமே இருக்கிறது. அது எந்தக் கத்தியும் படாமல் முழுமையாக இருப்பதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். காலையில் சன்னலருகே வைத்துப் பார்க்கிறேன். சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பும், அதில் வெளிறிய இரண்டு வட்டங்களும் தெரிகின்றன. இடப்பக்கம் இருப்பது அவள் என்பதை நினைவால் அறிவேன், கண்ணால் அன்று. எல்லாவற்றையும் ஊன்றிக் கவனியுங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்லும்படி வாசகசாலை அன்பர்கள் விரும்புகிறார்கள். சொல்லலாம்; தீங்கில்லை. கவனிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது நான் ஒரு மோசமான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சான்றாக என் கலங்கிய முகம் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

எனக்குத் தெரியாதவை இவை. என் மனைவியின் வகிடு நடுவில் இருந்ததா, ஒதுங்கி இருந்ததா என்பது தெரியாது. சுவரிடுக்கில் கிடைத்த சுருணையில் அவள் முடி ஓர் இழையேனும் இருந்ததா என்பது தெரியாது. அவள் கூந்தலை நான் ஒருநாளாவது பார்த்தேனா என்பது தெரியாது. திருப்பதியில், கருவியின் முன், அவள் எதற்காகச் சிரித்தாள் என்பதும் தெரியாது.